காத்திருப்பும் பயிர்த்தொழிலும்: தாகேதா கற்றுத்தரும் பாடம்

அகதி வாழ்வின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிகிறது என்பதை எமது வாசகர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நேர்காணலுக்கான கடிதம், விண்ணப்பத்தின் முடிவு, மேன்முறையீட்டின் தீர்ப்பு, பிரிந்திருக்கும் மனைவி மக்களுக்கான நுழைவனுமதி, ஊரிலிருந்து வரவேண்டிய தொலைபேசி அழைப்பு என ஒவ்வொன்றுக்காகவும் நாட்கள் நகர்கின்றன. இக்காத்திருப்பில் நாம் செய்யக்கூடியது மிகச் சொற்பம். முடிவு வேறெவரோ ஒருவருடைய மேசையில் கிடக்கிறது. அது நாளையும் வரலாம். ஐந்தாண்டு கழித்தும் வரலாம். "பொறுமையாக இருங்கள்" என்று அலுவலர் சொல்லும்போது அச்சொல் ஆறுதல் தருவதைவிட அச்சத்தையே கூடுதலாகத் தருகிறது.

உலகில் வேறொரு காத்திருப்பும் உண்டு. வெண்டி விதையை ஊன்றியவர் ஒரு வாரத்துக்குள் முளை தலைகாட்டும் என்று காத்திருக்கிறார். ஏறத்தாழ ஐம்பது நாளில் பூ; பூவிலிருந்து ஐந்தாறு நாளில் பறிக்கும் பருவத்துக் காய். அவருடைய காத்திருப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்கை மண்ணும் மழையும் பெரும்பாலும் மதிக்கின்றன. இடைப்பட்ட நாட்களில் அவர் செய்வதற்கு வேலையும் இருக்கிறது.

இவ்விருவகைக் காத்திருப்பையும் தலைமுறைகளாக அறிந்த ஓர் இடத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். அவ்விடம் மியான்மார் நாட்டின் பெருநகரான யாங்கூனைச் சேர்ந்த தாகேதா. எமது மூத்தோர் இரங்கூன் என்று அழைத்த நகரே இன்றைய யாங்கூன் என்பதை இளைய வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறோம்.

இடம்பெயர்ந்தோருக்காக எழுந்த ஊர்

யாங்கூன் நகரின் மையப்பகுதிக்குக் கிழக்கே, பசுண்டாவுங் ஓடையைக் கடந்தால், பாகோ ஆற்றை அண்டிக் கிடக்கும் தாழ்நிலமே தாகேதா. 1948 ஜனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. சில மாதங்களிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. நாட்டுப்புறங்களில் வாழமுடியாது தலைநகருக்கு ஓடிவந்தோர் வெற்றிடம் கண்ட இடமெல்லாம் குடிசை அமைத்தனர். 1958இல் ஆட்சியை ஏற்ற ஜெனரல் நே வின் தலைமையிலான இடைக்கால அரசு இக்குடிசைகளை அகற்றியது. நகருக்கு வெளியே புதிய குடியேற்றங்கள் 1959இல் உருவாக்கப்பட்டு, ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கு அனுப்பப்பட்டனர். தென் ஒக்கலப்பா, வட ஒக்கலப்பா, தாகேதா என்பனவே அக்குடியேற்றங்கள்.

ஆகவே தாகேதா பிறக்கும்போதே இடம்பெயர்ந்தோரின் ஊர். போருக்கு அஞ்சி ஒருமுறையும், அரசின் ஆணையால் மறுமுறையும் பெயர்க்கப்பட்ட மக்களே அதன் முதற் குடிகள். யாங்கூனின் வேறுபல பகுதிகளைப் போலவே அங்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுடைய கதை இன்னும் நீண்டது.

1931ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இரங்கூன் நகரில் வாழ்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், நெல் ஆலைகளில் உழைத்தவர்களும், வயல்களில் நாற்று நட்டவர்களும், கடை வைத்திருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். 1941 டிசெம்பர் 23ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் பல இலட்சம் இந்தியர் கால்நடையாக மலைகளையும் காடுகளையும் கடந்து இந்தியாவை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்ததும் ஒரு பகுதியினர் திரும்பி வந்து வாழ்வை மீண்டும் தொடங்கினர். 1962 மார்ச் 2ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1964இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. ஐம்பது, நூறு கியாற் நாணயத்தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அக்காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறினர். தமிழ்நாட்டில் பர்மா காலனி என்ற பெயருடன் இன்றும் நிற்கும் குடியிருப்புகள் அந்த வெளியேற்றத்தின் சுவடுகளே.

போகாது தங்கியோரும் இருந்தனர். அவர்களைத் தொடர்ந்தது 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அது குடிமக்களை முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், இயல்புரிமை பெற்றோர் என மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு நிற அட்டையை வகுத்தது. தம் முன்னோர் எந்த ஆண்டில் வந்தனர் என்பதைக் கடதாசியால் மெய்ப்பிக்கவேண்டிய பொறுப்பு மக்கள்மீது விழுந்தது. பேரன் பிறந்த மண்ணிலேயே பாட்டனின் சான்றுக்காகக் காத்திருப்பது எத்தகையது என்பதை எமது வாசகர்கள் நன்கு உணர்வர்.

ஆடிப்பட்டம் அங்கு பொருந்தாது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழகத்து உழவரின் பழமொழி. யாழ்ப்பாணத்தவரோ ஐப்பசி மாரியை எதிர்பார்த்து வயலை உழுது வைத்திருப்பர். இரண்டும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்ந்த மண்ணில் பிறந்த அறிவு. இந்த அறிவை அப்படியே தாகேதாவுக்குக் கொண்டுபோனால் விதை அழுகும்.

யாங்கூனில் மழை மே மாதத்தில் தொடங்கி ஒக்ரோபர் வரை பெய்கிறது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 2,700 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல் இருமடங்கு. யூன், யூலை, ஓகஸ்ற் ஆகிய மாதங்கள் ஒவ்வொன்றிலும் 500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. ஆடி மாதத்தில் அங்கு நிலம் விதையை ஏற்பதில்லை. தண்ணீரை வடியவிடவே அது திணறுகிறது. மாறாக, ஜனவரி முதல் மார்ச் வரை மழை இல்லையென்றே சொல்லலாம். அக்காலத்தில் கடல் ஏற்றத்தோடு உவர்நீர் ஆறுகளில் மேலேறி வருகிறது. மழைக்காலத்தில் மிகையான நீரும், கோடையில் உவரும் தாகேதா போன்ற தாழ்நிலத்தில் பயிர் செய்வோருக்கு இரு பகைகள்.

இத்தகைய மண்ணில் தோட்டக்காரர் முதலிற் கற்கவேண்டியது, தான் கொண்டுவந்த நாட்காட்டியைச் சற்று ஒதுக்கி வைப்பதையே. முதல் ஓராண்டு நிலத்தைப் பார்ப்பதிலேயே கழியலாம். எந்த மூலையில் நீர் மூன்று நாள் தேங்குகிறது, எந்தச் சுவரோரம் மாலை வெயில் விழுகிறது, எந்த மாதத்தில் மண்ணின் மேல் வெண்மையாக உப்புப் படிகிறது என்பவற்றை வேறெவரும் சொல்லித்தர முடியாது. இப்படிப் பார்த்திருக்கும் காலத்தை வீண்காலம் என்று எண்ணுதல் தவறு. மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கும் நேரத்தை நாம் வீணென்று கருதுவதில்லை.

அடுத்தது மண்ணைச் செய்வது. ஆற்றோரக் களிமண் மழையிற் சேறாகவும் வெயிலிற் கல்லாகவும் மாறும் இயல்புடையது. அதற்குக் காற்றோட்டம் வேண்டும். நெல் விளையும் நாடாகையால் உமியும் உமிக்கரியும் அங்கு எளிதிற் கிடைக்கும். சமையலறைக் கழிவு, சருகு, சாணம் ஆகியவற்றை அடுக்கி மூடிவைத்தால் மூன்று நான்கு மாதங்களில் கூட்டெரு ஆகும். இவற்றைக் களியுடன் கலந்து, ஒரு முழம் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினால் வேர் மூச்சுவிடும். நிலமே இல்லாதவருக்கு அரிசிச் சாக்கும் அடியிற் துளையிட்ட தகரப் பேணியும் போதும். உவர் படிந்த மண்ணுக்கு மழையே மருந்து. முதல் மழைகள் உப்பைக் கரைத்து வடியும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னர் நடுவதே அறிவுடைமை. பாத்திக்கு வாய்க்கால் நீரை இறைக்குமுன் அந்நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிதலும் வேண்டும். தாகேதாவில் தொழிற்சாலைகளும் உள்ளன. கழிவுநீரில் வளரும் கீரை, குறிப்பாகக் கங்குன், நஞ்சையும் உறிஞ்சி வைத்திருக்கக்கூடியது.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு தவணை

பொறுமை என்பது ஒரே அளவினதன்று என்பதைத் தோட்டம் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. முளைக்கீரை மூன்று அல்லது நான்கு வாரத்தில் கைக்கு வரும். கங்குனும் ஏறத்தாழ அவ்வளவே. அடியில் ஒரு கணு விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். சேற்று நிலத்தையே விரும்பும் செடியாதலால் தாகேதாவுக்கு அது ஏற்றது. வெண்டிக்கு ஐம்பது நாள். கத்தரிக்கு நாற்றுமேடையில் ஒரு மாதமும், நட்ட பின்னர் இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆகும். மிளகாய் விதை முளைக்கவே இரண்டு வாரம் எடுக்கும்.

பர்மிய மக்கள் பெரிதும் விரும்பி உண்ணும் கீரை சின் பாவுங். எமது புளிச்சைக் கீரைக்கு நெருங்கிய இனம். சின் என்றால் அவர்கள் மொழியிற் புளிப்பு. இறாலும் மிளகாயும் சேர்த்து வதக்கி உண்பார்கள். மழையின் தொடக்கத்தில் விதைத்தால் ஆறு வாரத்தில் இலை பறிக்கத் தொடங்கலாம். பறிக்கப் பறிக்கக் கிளை விடும். பகற்பொழுது குறுகும் காலம் வந்ததும் அது பூக்கத் தொடங்கி, இலை தருவதைக் குறைத்துக்கொள்ளும். எருவைக் கூட்டினாலும் நீரைக் கூட்டினாலும் அக்கணக்கு மாறாது. அச்செடி பொழுதின் அளவையே பார்க்கிறது. அதற்குமேல் அதனை வற்புறுத்துவது பயனற்றது என்பதை அறிந்தவர், விதையைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பார்.

மூலிகைகளுள் வல்லாரைக்குத் தனியிடம் உண்டு. பர்மியர் அதனை மியின்குவா என்பர். குதிரைக் குளம்பு என்று பொருள். இலையின் வடிவைக் கண்டு இட்ட பெயர். ஈழத்தில் நாம் வல்லாரையைச் சம்பலாக உண்கிறோம். அவர்களும் பச்சையாகவே சாலட் செய்து உண்கின்றனர். நிழலும் ஈரமும் உள்ள மூலையில் ஒரு கணுவை நட்டால் அது தரையோடு ஓடி, ஓடிய இடமெல்லாம் வேர்விடும். முதல் மாதத்தில் செடி அசைவற்றிருப்பதாகத் தோன்றும். அக்காலத்திற் பறித்தால் பின்னர் எதுவும் மிஞ்சாது. விட்டுவைத்தால் பாத்தி முழுவதும் பரவும். கற்பூரவள்ளி இதனினும் எளியது. ஒரு துண்டுத் தண்டு இருந்தால் போதும். அதிக நீர் ஒன்றே அதற்குப் பகை. குழந்தைகளின் தடிமலுக்கும் இருமலுக்கும் எமது தாய்மார் அதன் சாற்றைத் தேனிற் கலந்து கொடுப்பது வழக்கம்.

இனிக் கறிவேப்பிலை. தமிழ்ச் சமையலறையின் இந்த இன்றியமையாத மரமே பொறுமையை மிகக் கடுமையாகச் சோதிப்பது. அதன் விதை நெல்லைப்போலச் சேமித்து வைக்கக்கூடியதன்று. கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்றவேண்டும். காய்ந்த விதை பெரும்பாலும் முளைப்பதில்லை. முளைத்த கன்று முதலாண்டில் ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது. அந்த ஒரு சாணில் இருக்கும் ஆறேழு இலைகளைப் பறித்துத் தாளிதத்தில் இடும் ஆசையை இல்லத்தரசிகள் அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில் நுனியைக் கிள்ளினால் கிளை பிரியும். மூன்றாம் ஆண்டிலிருந்து அது குடும்பத்துக்கு உணவிடும். அதன் பின்னர் எவ்வளவு பறிக்கிறோமோ அவ்வளவு தழைக்கும் மரம் அது.

1960களின் நடுப்பகுதியில் பர்மாவில் தனியார் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது தமிழ்ப் பாடசாலைகளும் மறைந்தன. கோயில்களை அண்டியே தமிழ்க் கல்வி தொடர்ந்தது. இளைய தலைமுறையினர் பலருக்குத் தமிழ் எழுத்து எட்டாத பொருளாயிற்று. ஆயினும் சமையலறைச் சொற்கள் எளிதில் அழிவதில்லை. செடி வாசலில் நிற்கும்வரை அதன் பெயரும் வீட்டில் நிற்கும். இதனாலேயே கறிவேப்பிலைக் கன்றுக்குச் செலவிடும் மூன்றாண்டுகளை நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

விழுந்தபின் துளிர்ப்பது

பொறுமையாகக் காத்த யாவும் ஒரே இரவில் அழிவதும் உண்டு. 2008 மே 2ஆம், 3ஆம் நாட்களில் நர்கிஸ் சூறாவளி ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கி யாங்கூனையும் கடந்து சென்றது. நாடு முழுவதும் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,38,000 பேர். யாங்கூனில் நூறாண்டு கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. ஆற்றோரத் தாழ்நிலங்களில் வீட்டையே இழந்தோர் வீட்டுத் தோட்டத்துக்காகக் கண்ணீர் விட்டிருக்க முடியாது. ஆனாலும் பசி என்பது சூறாவளி ஓய்ந்த மறுநாளும் வரும்.

இவ்விடத்தில் முருங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். பர்மியர் அதனைத் தண்டலூன் என்கின்றனர். மென்மரமாதலால் காற்றுக்கு எளிதில் முறியும். ஆனால் முறிந்த அடிக்கட்டையிலிருந்து சில வாரங்களிற் புதிய துளிர் எழும். கைப்பிடி பருமனும் நான்கடி நீளமும் கொண்ட ஒடிந்த கிளையை மேடான இடத்தில் நட்டால் அதுவே இன்னொரு மரமாகும். காய்க்கு ஓராண்டளவு காத்திருக்க வேண்டும். கீரையோ இரண்டு மூன்று மாதங்களிற் கிடைக்கும். நீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் மட்டும் அதன் வேர் அழுகிவிடும். அழிவுக்குப் பின்னர் மீண்டும் தொடங்குவோருக்கு, விரைந்து பலன்தரும் கீரையையும் நின்று பலன்தரும் மரத்தையும் ஒருங்கே நடுவதே ஏற்ற முறை. கீரை இவ்வாரப் பசிக்கு உதவும். மரம் வளரும்வரை மனம் சோராது காக்கும்.

2021 பெப்ரவரி 1ஆம் நாள் மியான்மாரில் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன் பின்னர் பல இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். கியாற்றின் மதிப்பு வீழ்ந்தது. அரிசி, எண்ணெய் விலைகள் பன்மடங்காயின. இத்தகைய காலத்தில் வாசலில் நிற்கும் மிளகாய்ச் செடி பொழுதுபோக்குக்குரியதன்று. ஈழத்து வாசகர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. 1990களிற் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் நின்ற முருங்கையும் வாழையும் பயற்றங்கொடியும் எத்தனை அடுப்புகளை எரியவைத்தன என்பதை நாம் அறிவோம். 2022இல் இலங்கை முழுவதும் உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது, அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமையை விடுமுறையாக அறிவிக்கும் நிலை அந்நாட்டு அரசுக்கே ஏற்பட்டது.

இருவேறு பொறுமைகள்

பொறுத்தார் பூமியாள்வார் என்று எமது மூத்தோர் சொல்வர். பூமியை இழந்து வந்தோரிடம் இப்பழமொழியைச் சொல்லும்போது சற்று எச்சரிக்கை தேவை. பொறுமையின் பெயரால் மக்களை வாய்மூடச் செய்யும் வழக்கம் எல்லா அரசுகளிடமும் உண்டு. நாற்பது ஆண்டுகளாக ஓர் அட்டைக்குக் காத்திருக்கும் யாங்கூன் தமிழரிடம் மேலும் பொறுங்கள் என்று சொல்வதை அறிவுரையாகக் கொள்ள முடியாது. அது அநீதி. அங்கு வேண்டுவது முறையீடும், வழக்கும், நினைவூட்டற் கடிதமுமே.

தோட்டத்துப் பொறுமை இதனின்று வேறானது. செடியும் நாமும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள். நாம் நீரூற்றினால் அது வளர்கிறது; அது வளர்வதைக் கண்டு நாம் மேலும் நீரூற்றுகிறோம். தாமதம் ஏற்பட்டால் அதற்கொரு காரணம் இருக்கும். அக்காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இலை மஞ்சளித்தால் நீர் மிகுந்ததா, எரு குறைந்ததா என்று பார்த்துத் திருத்தலாம். பயன் இல்லையெனில் செடியைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை நடும் உரிமையும் எமக்கு உண்டு. காரணம் கூறாது காக்கவைக்கும் அலுவலகத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

இந்த வேறுபாட்டை உள்ளத்திற் பதித்துக்கொள்வதே தாகேதாவிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் என்று கருதுகிறோம். முதல்வகைக் காத்திருப்பு மனிதரைச் சிறுகச் சிறுகத் தேய்க்கிறது. இரண்டாம் வகைக் காத்திருப்பு, தன் கைக்கும் ஒரு பயன் உண்டு என்ற நம்பிக்கையை மீட்டுத் தருகிறது. அந்நம்பிக்கை உள்ளவரே அலுவலகத்தின் கதவையும் தளராது மீண்டும் தட்டுகிறார்.

எமது சாளரங்களில்

குளிர்நாடுகளில் ஓர் அறைக்குள் வாழும் எமது வாசகர்கள், எமக்கு ஏது நிலம் என்று கேட்கலாம். அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

தங்ககங்களில் இருப்போர் வெந்தயத்திலிருந்து தொடங்குவது நன்று. கடையில் வாங்கிய வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்து, அடியிற் துளையிட்ட நெகிழிப் பெட்டியில் இரு விரற்கடை மண்ணிட்டுத் தூவினால் மூன்று நான்கு நாளில் முளைக்கும். மூன்று வாரத்திற் கீரை. வேறிடத்துக்கு மாற்றும் கடிதம் திடீரென வந்தாலும் அதற்குள் ஒருமுறையாவது அறுவடை செய்துவிடலாம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்கவேண்டும். அது முளைக்க இரண்டு வாரமளவு ஆகும். புதினாத் தண்டைத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்துக்குமேல் வேர் தெரியும்.

மிளகாய், கத்தரி விதைகளைப் பெப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் வீட்டினுள் நாற்றிடலாம். ஏப்ரலில் நல்ல வெயிலைக் கண்டு வெளியே நடவேண்டாம். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் பழைய தோட்டக்காரர்கள் மே 11 முதல் 15 வரையான நாட்களைப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்பர். அந்நாட்களின் புனிதர்கள் கடந்தபின்னரே பனி அஞ்சும் செடிகளை வெளியே நடுவது அவர்களின் மரபு. எமக்கு ஆடிப்பட்டம் போல அவர்களுக்கு இது. வந்து சேர்ந்த மண்ணின் பழமொழியையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கறிவேப்பிலை வளர்ப்போர் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்குமுன் சாடியை உள்ளே எடுக்கவேண்டும். குளிர்காலத்தில் அது இலை முழுவதையும் உதிர்த்துவிடக்கூடும். செத்துவிட்டதென்று எண்ணி எறிவோரும், உயிர்ப்பிக்க எண்ணி நாள்தோறும் நீரூற்றுவோரும் உண்டு. இரண்டும் வேண்டியதில்லை. நகத்தால் பட்டையைச் சற்றுக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடிருக்கிறது. மேல்மண் காய்ந்தபின் சிறிது நீர் கொடுத்து, வெளிச்சமான சாளரத்தருகில் வைத்துவிட்டு, ஏப்ரல் வரை காத்திருங்கள். மற்றுமொன்று: ஊரிலிருந்து வருவோரிடம் கன்று கொண்டுவரச் சொல்லவேண்டாம். எலுமிச்சை, தோடை இனங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசெம்பர் முதல் பயணிகள் கொண்டுவரும் ஏறத்தாழ எல்லாச் செடிகளுக்கும் நலச்சான்றிதழ் கோருகிறது. வாழும் நாட்டிலேயே விற்கும் கன்றை வாங்குவதே நன்று.

நிலம் வேண்டுவோருக்கும் வழி உண்டு. ஜேர்மனியில் லைப்சிக் நகரில் 1860களில் தொடங்கிய சிறுதோட்ட இயக்கம் இன்று அந்நாடு முழுவதும் பரவியுள்ளது. பிரான்ஸில் 1896இல் பாதிரியார் லெமீர் தொழிலாளர் தோட்டங்களுக்கான சங்கத்தை நிறுவினார். பிரித்தானியாவில் 1908ஆம் ஆண்டின் சட்டம் உள்ளூராட்சிகள் மக்களுக்குத் தோட்டத்துண்டு வழங்கவேண்டும் என்றது. இவற்றுட் பல நிலமற்ற ஏழைத் தொழிலாளரை மனதிற்கொண்டு எழுந்தவை. கேட்டுப் பெறுவதில் எமக்கு வெட்கமெதற்கு? பல நகரங்களில் இதற்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டு, சில ஆண்டுகளும் ஆகலாம். பெயரை இன்றே பதிந்துவிட்டு, சாளரத்தில் வெந்தயத்தைத் தூவிக்கொண்டு காத்திருக்கலாம்.

பிள்ளைகளையும் இப்பணியிற் சேர்த்துக்கொள்ளுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். விதை ஊன்றிய நாள், முளைத்த நாள், பூத்த நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் அவர்களே தமிழில் எழுதி வரட்டும். செடியின் பெயரை எழுதக் கற்பது, எழுத்தையும் செடியையும் ஒருசேரக் காப்பதாகும். நமது கோவைகளில் எத்தனை கடிதங்கள் விடையற்றுக் கிடந்தாலும், அந்தக் கொப்பியில் நாள் தவறாது ஒரு வரி கூடிக்கொண்டிருக்கும். வைகாசி பிறந்ததும் மிளகாய் நாற்றை வெளியே நட மறவாதீர்கள்.